கடப்பா மேடையை உடைக்காமல், 25,000 ரூபாயில் ஒரு பழைய சமையலறையை மாற்றுவது

நீங்கள் கேட்டது இது: திருச்சியில் 1997ல் கட்டிய சொந்த வீடு. பத்துக்கு எட்டு அடிச் சமையலறை. கடப்பாக் கல் மேடை, அதன் கீழே கதவில்லாத கல் தட்டுகள், மேடைக்கு மேல் இரண்டடி உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ், அதற்கு மேலே டிஸ்டம்பர் அடித்த சுவர், ஏழடி உயரத்தில் பரண், ஒரே ஒரு டியூப்லைட். மாடுலர் கிச்சன் போட இரண்டு லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள். கையில் இருப்பது 25,000. நீங்களும் உங்கள் கணவரும் சனி, ஞாயிறுகளில் வேலை செய்யத் தயார். மாமியார் மட்டும் "மேடையில் கை வைக்கக் கூடாது" என்கிறார்.

உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. மேடையை உடைக்க ஆரம்பித்தால் அது மேடையோடு நிற்காது. கல்லைப் பெயர்க்கும்போது பின்சுவர் டைல்ஸ் நாலைந்து உடையும். அதே டைல்ஸ் இன்று கடையில் கிடைக்காது, அதனால் மொத்த டைல்ஸையும் மாற்ற வேண்டிவரும். சிங்க் கழன்றதும் குழாய் வேலை வரும். கட்டட வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: சின்ன பட்ஜெட் வேலைகளில் பணம் போவது புதிதாகப் போடுவதற்கு இல்லை, உடைத்ததைச் சரிக்கட்டுவதற்கும் இடிசல் அள்ளுவதற்கும்தான். ஆகவே 25,000 ரூபாய்க்கு ஒரே விதி: எதையும் உடைக்காதீர்கள்.

உடைக்காமல் என்ன மாறிவிடப் போகிறது என்று தோன்றும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பழைய சமையலறை ஏன் பழசாகத் தெரிகிறது? எண்ணெய்ப் பிசுக்கு, கருத்துப்போன டைல்ஸ் இடுக்கு, மேடையில் விழும் நிழல், மேடை முழுக்கப் பரவிக்கிடக்கும் சாமான். இந்த நாலும் போனால் பாதி வேலை முடிந்தது. நாலுக்குமே ஆசாரியும் வேண்டாம், கொத்தனாரும் வேண்டாம்.

முதல் சனிக்கிழமையைப் பிசுக்குக்கே கொடுத்துவிடுங்கள். தாளிப்புப் புகையில் பறக்கும் எண்ணெய் சுவரிலும் பரண் அடியிலும் ஒட்டி, வருடக்கணக்கில் காய்ந்து பிசின் மாதிரி ஆகிவிடும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு மட்டும் போட்டால் அது வழுக்கும், போகாது. வாஷிங் சோடா வாங்குங்கள். சமையல் சோடா வேறு, அது இதற்குப் போதாது. ஒரு லிட்டர் சூடான தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடா, கொஞ்சம் பாத்திர சோப்புத் திரவம். கையுறை போட்டுக்கொண்டு, துணியை நனைத்துப் பிசுக்கு மேல் பத்து நிமிடம் ஒட்டி வைத்து, அப்புறம் தேயுங்கள். அலுமினிய ஜன்னல் சட்டத்திலும் அலுமினியப் பாத்திரத்திலும் இது படக் கூடாது, நிறம் செத்துவிடும். கடைசியாக இரண்டு தடவை வெறும் தண்ணீரில் துடைக்க வேண்டும். சோடாவோ எண்ணெயோ மிச்சம் இருந்தால் அதன் மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது. "பெயிண்ட் ஆறே மாசத்தில் உரிந்துவிட்டது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயிண்ட் காரணம் அல்ல, இந்தத் துடைக்காத எண்ணெய்தான்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டைச் சமையலறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். டைல்ஸ் பளிச்சென்று ஆவது உண்மைதான். ஆனால் இடுக்கில் இருக்கும் சிமெண்டை அது தின்றுவிடும், அதன் ஆவி பட்டாலே எவர்சில்வர் சிங்க்கும் குரோம் குழாயும் புள்ளி விழும். கடப்பாக் கல் சுண்ணாம்புக்கல் வகை என்பதால் ஆசிட் பட்ட இடம் வெளிறிப்போய் அப்படியே நிற்கும். ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் சேர்த்தால் வருவது குளோரின் வாயு. சின்ன அறைக்குள் அது உயிருக்கே ஆபத்து.

அடுத்தது டைல்ஸ் இடுக்கு. என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் ரூபாய்க்கு அதிகப் பலன் தருவது இதுதான். 1997ல் வெள்ளை சிமெண்ட் பூசி இடுக்கை அடைத்திருப்பார்கள். அது தண்ணீரையும் எண்ணெயையும் உறிஞ்சும், மஞ்சள் பொடியையும் விடாது. டைல்ஸ் அப்படியே வெள்ளையாக இருக்கும், கோடு மட்டும் கருப்பாகி மொத்தச் சுவரும் அழுக்காகத் தெரியும்.

முதலில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பாருங்கள். டொக்கென்று சத்தம் வந்தால் உள்ளே பிடி விட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படி இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை, அவற்றைப் பக்குவமாகக் கழற்றி டைல் பசையில் திரும்ப ஒட்டலாம். பாதிச் சுவர் டொக்கு என்றால் மட்டும் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். மற்றபடி உடைந்த ஆக்ஸா பிளேடு ஒன்றை முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, இடுக்கிலுள்ள பழைய சிமெண்டை இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டுங்கள். மேலோட்டமாகச் சுரண்டிப் புதுசைப் பூசினால் அது சீக்கிரமே செதில் செதிலாக வந்துவிடும். அலுப்பான வேலை. பாட்டுப் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அடைப்பதற்கு எபாக்ஸி கிரவுட் வாங்குங்கள். பிசின், கெட்டிப்படுத்தும் திரவம், தூள் என்று மூன்றாக வரும். சிமெண்ட் கிரவுட்டை விட விலை கூடுதல், ஆனால் எண்ணெயும் மஞ்சளும் உள்ளே போகாது. எட்டுக்குப் பன்னிரண்டு இன்ச் டைல்ஸ், நாற்பது சதுர அடி என்றால் ஒரு கிலோ தாராளமாகப் போதும். ஒரே தடவையில் முழுக்கக் கலந்துவிடாதீர்கள். நம்ம ஊர் வெயிலில் அரை மணி நேரத்துக்குள் கையில் இறுகத் தொடங்கும். காலையில் சீக்கிரம் ஆரம்பித்து, கால் கிலோ கால் கிலோவாகக் கலந்து, ரப்பர் தகட்டால் இடுக்குக்குக் குறுக்குச் சாய்வாகத் தள்ளுங்கள். கோட்டோடு சேர்த்து நேராகத் தள்ளினால் பூசியதே வெளியே வந்துவிடும். பதினைந்து இருபது நிமிடத்தில் ஈர ஸ்பாஞ்ச் வைத்து டைல் முகத்தைச் சுத்தமாகத் துடைத்தாக வேண்டும். "அப்புறம் துடைக்கலாம்" என்று விட்டால் மறுநாள் அதைப் பிளேடு வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். நிறத்தில் சுத்த வெள்ளை வேண்டாம், வெளிர் சாம்பல் எடுங்கள். பழைய வெள்ளை டைல்ஸ் லேசாக மஞ்சள் ஓடியிருக்கும். பக்கத்தில் தூய வெள்ளைக் கோடு வந்தால் அந்த மஞ்சள் தூக்கலாகத் தெரியும், சாம்பல் அதை மறைக்கும்.

ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆன்லைனில் இருநூறு ரூபாய்க்கு வரும் வெள்ளித்தாள் மாதிரியான ஸ்டிக்கரைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வாடகை வீடு என்றால் ஒட்டுங்கள், காலி செய்யும்போது உரித்துவிட்டுப் போகலாம். சொந்த வீட்டில் வேண்டாம். அடுப்புச் சூட்டில் ஓரம் தூக்கும், தூக்கிய ஓரத்துக்குள் எண்ணெய் இறங்கும், அதன் பின்னால் கரப்பான் குடியேறும். டைல்ஸ் மேல் அடிக்கிற எபாக்ஸி பெயிண்ட்டும் இருக்கிறது. உப்புத்தாளால் மெருகை நன்றாகக் கொன்று, பிரைமர் அடித்து, இரண்டு கோட் அடித்து, முழுதாக இறுகும்வரை சில நாள் தண்ணீர் படாமல் காத்தால் நிற்கும். உங்கள் வீட்டில் அடுப்பை அத்தனை நாள் நிறுத்த முடியுமா? அதனால்தான் நான் சிபாரிசு செய்யவில்லை.

அடுப்புக்குப் பின்னால் மட்டும் ஏதாவது புதுசாக வேண்டும் என்று ஆசையாக இருந்தால், அங்கே இரண்டடிக்கு மூன்றடி எவர்சில்வர் தகடு ஒன்றை வெட்டி வாங்கி ஒட்டிவிடலாம். ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமே என்று பலர் கேட்பார்கள், ஆத்தங்குடி இருக்கும் காரைக்குடிப் பக்கம் திருச்சிக்கு அதிக தூரம் இல்லை என்பதால் உங்களுக்கும் அந்த ஆசை வரும். அழகுதான், ஆனால் அது சிமெண்ட் கல். கூடத்துத் தரையில் நூறு வருடம் நிற்கும். அடுப்புக்குப் பின்னால் எண்ணெயைக் குடித்துக் கறையாகிவிடும்.

மேடைக்கு வருவோம். கடப்பாவைக் கிரானைட் என்று நினைத்துப் பழகுவதால்தான் அது கெடுகிறது. கிரானைட்டில் எலுமிச்சைச் சாறு விழுந்தால் துடைத்துவிடலாம். கடப்பாவில் எலுமிச்சை, புளித்தண்ணீர், வினிகர் எது விழுந்தாலும் அந்த இடம் சாம்பலாக வெளிறும். அது அழுக்கு இல்லை, கல்லின் மேல்தோலே லேசாக அரிக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மெருகேற்றத்தான் வேண்டும்.

அதைக் கையாலேயே செய்யலாம். ஈரத்தில் தேய்க்கிற கருப்பு உப்புத்தாளில் 220, 400, 800 நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சின்ன மரக்கட்டையில் தாளைச் சுற்றி, தண்ணீர் தெளித்துக்கொண்டே வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒரு நம்பர் முடிந்ததும் சேற்றை முழுக்கக் கழுவிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். பழைய தாளின் ஒரு மணல் மிச்சம் இருந்தாலும் கீறல் விழும். கண்ணாடிப் பளபளப்பு வராது, அதற்கு மெஷின் வேண்டும். பட்டு மாதிரி ஒரு மங்கலான வழவழப்பு வரும், எனக்கு அதுதான் பிடிக்கும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தடவி, அரை மணி கழித்துத் துடைத்துவிடுங்கள். கல் நல்ல கருப்பாகிவிடும். தேங்காய் எண்ணெய் தடவுகிற வழக்கம் உண்டு. நாளாவட்டத்தில் அது பிசுபிசுத்துச் சிக்கு வாடை வரும், எறும்பும் வரும். பாரஃபினுக்கு அந்தத் தொல்லை இல்லை. சில மாதத்துக்கு ஒருமுறை மறுபடி தடவினால் போதும்.

மேடை விளிம்பில் பெயர்ந்த இடமோ விரிசலோ இருந்தால், அரால்டைட் பசையில் தரைக்குப் போடுகிற கருப்பு ஆக்ஸைடு தூளைக் கொஞ்சம் குழைத்து அடையுங்கள். சுற்றிலும் டேப் ஒட்டி, கல் மட்டத்துக்கு ஒரு மயிரிழை மேலே நிற்கும்படி நிரப்பி, மறுநாள் உப்புத்தாளால் மட்டம் செய்துவிட்டால் இடம் தெரியாது. இதை மெருகேற்றும் வேலைக்கு முந்தின நாளே செய்துவிடுங்கள்.

மேடை உயரத்தையும் ஒரு தடவை அளந்து பாருங்கள். அந்தக் காலத்து மேடைகள் பல 30 இன்ச்தான். காய் நறுக்கும் இடம் நம் முழங்கையை விட நாலிலிருந்து ஆறு இன்ச் கீழே இருந்தால் முதுகு வலிக்காது. உங்களுக்கு மேடை தாழ்வு என்றால் மேடையை உயர்த்த வேண்டாம். நாலு இன்ச் உயரக் கால் வைத்த கனமான பலகை ஒன்று செய்து அதில் நறுக்குங்கள். அடுப்புப் பக்கம் தாழ்வாக இருப்பதே நல்லது. அடுப்பும் சட்டியும் சேர்ந்தால் தானாகவே ஏழெட்டு இன்ச் கூடிவிடும்.

சிங்க்கை மாற்றத் தேவையில்லை. சிங்க்கும் கல்லும் சேருகிற இடத்தில் கருத்துக் கிடக்கும் பழைய சிமெண்டை அல்லது பசையை எடுத்துவிட்டுப் புதிதாக சிலிக்கோன் போடுங்கள். கடையில் கேட்கும்போது "நியூட்ரல்" வகை என்று கேட்க வேண்டும். வினிகர் வாடை அடிக்கிற சாதாரண சிலிக்கோன் இறுகும்போது அமிலத்தை விடும், கடப்பாவுக்கு அது ஆகாது. இடம் எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும், இரண்டு பக்கமும் டேப் ஒட்ட வேண்டும், சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. ஆகவே இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு போட்டுவிட்டு, மறுநாள் பாத்திரத்தைக் கொல்லையில் கழுவிக்கொள்ளுங்கள்.

சிங்க்குக்குக் கீழே பாருங்கள். பெரும்பாலும் ஒரு நெளிவுக் குழாய் நேராகச் சுவர் ஓட்டைக்குள் போயிருக்கும். சாக்கடை வாடையும் கரப்பானும் வருவது அந்த வழியாகத்தான். ஒரு பாட்டில் டிராப் வாங்கி நடுவில் மாட்டினால், அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று காற்றையும் பூச்சியையும் தடுக்கும். எல்லாமே கையால் திருகுகிற பிளாஸ்டிக் மரைகள்தான், ஸ்பேனர்கூட வேண்டாம். இதற்காக எத்தனை பேர் கரப்பான் மருந்துக்கு மாதாமாதம் செலவழிக்கிறார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

குழாயை மாற்ற ஆசைப்பட்டால், வளைந்த கழுத்துள்ள சிங்க் காக் ஒன்று வாங்கி, மரையில் டெஃப்லான் டேப்பைப் பத்துப் பன்னிரண்டு சுற்று, மரை திருகும் திசையிலேயே சுற்றி மாட்டலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. 1997 வீடு என்றால் சுவருக்குள் இரும்பு ஜிஐ பைப் இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே துருப்பிடித்து மெலிந்திருந்தால் பழைய குழாயைத் திருகும்போது மரை சுவருக்குள்ளேயே முறியும். மேல் தொட்டி வால்வை மூடிவிட்டு, லேசாகத் திருகிப் பாருங்கள். அசையவில்லை என்றால் பலம் காட்டாமல் விட்டுவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

இப்போது வெளிச்சம். உங்கள் டியூப்லைட் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கதவுக்கு மேலே, இல்லை எதிர்ச்சுவரில் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அது உங்கள் முதுகில் அடிக்கிறது. நீங்கள் நறுக்கும் இடத்தில் விழுவது உங்கள் நிழல். எவ்வளவு வாட்ஸ் கூட்டினாலும் நிழலும் சேர்ந்து கருக்குமே தவிர மேடை தெரியாது.

பரண் இருப்பது இங்கே அதிர்ஷ்டம். பரணின் அடிப்பக்கத்தில், முன்விளிம்பிலிருந்து நாலைந்து இன்ச் உள்ளே தள்ளி, இரண்டடி நீள எல்இடி பேட்டன் இரண்டு மாட்டுங்கள். ஒன்று நறுக்கும் இடத்துக்கு மேலே, ஒன்று சிங்க்குக்கு. அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், புகையும் சூடும் அதைச் சீக்கிரம் கொல்லும். நிறத்தில் 4000 கெல்வின், கடையில் "நேச்சுரல் ஒயிட்" என்பார்கள். நம் ஊரில் எல்லோரும் வாங்குவது 6500, அதில் சாம்பாரும் நீலம் பாரித்துத் தெரியும். 3000 மஞ்சள் வெளிச்சம் ஹோட்டலுக்கு நன்றாக இருக்கும், கீரையில் பூச்சி பார்க்க உதவாது. விளக்கை மாட்டுவது உங்கள் வேலை. புது லைன் இழுத்து ஸ்விட்ச் வைப்பதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

அவர் வந்திருக்கும்போதே இரண்டு விஷயத்தைக் கேளுங்கள். வீட்டு போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச், இருக்கிறதா? ஈரக் கையோடு மிக்ஸியைத் தொடும் அறையில் அது இல்லாமல் இருக்கக் கூடாது. இரண்டாவது, இண்டக்‌ஷன் அடுப்பு எந்த பிளக்கில் ஓடுகிறது? மிக்ஸி 750 வாட்ஸ் என்றாலும் மூன்று ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும், சின்ன பிளக் தாங்கும். 2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் ஒன்பது ஆம்பியர் பக்கம் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக்கும் தடித்த ஒயரும் தனியாக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி வைத்துச் சமாளிப்பது தீயைக் கூப்பிடுவது.

பெயிண்ட் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவரை ஈரக் கையால் தேயுங்கள். கையில் மாவு மாதிரி ஒட்டினால் அது டிஸ்டம்பர், அதன் மேல் நேராக எமல்ஷன் அடித்தால் உரியும். தண்ணீர் தெளித்து ஊறவிட்டுச் சுரண்டிவிட்டு, பட்டி இரண்டு கை, உப்புத்தாள், பிரைமர் ஒரு கோட், கழுவக்கூடிய எமல்ஷன் இரண்டு கோட். சீலிங்கும் சேர்த்து முந்நூறு சதுர அடி வரும். இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு அறுபது எழுபது அடி என்று கணக்கு வைத்து ஐந்து லிட்டர் வாங்குங்கள். நிறம் உங்கள் விருப்பம். ஆனால் இருட்டான சின்ன அறை, சீலிங் மட்டுமாவது வெள்ளையாக இருக்கட்டும்.

ஜன்னல் கம்பி, மரக்கதவு இவற்றில் இருக்கும் பழைய எனாமல் பெயிண்ட்டை மட்டும் உலர்வாக உப்புத்தாள் போடாதீர்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயிண்ட் தூளில் ஈயம் இருக்கலாம். ஈரமாக்கித் தேய்த்து, முகமூடி போட்டு, குழந்தைகளை அன்றைக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விழுந்த சேற்றைத் துணியால் வழித்தெடுங்கள். துடைப்பம் போட்டால் வீடு முழுக்கப் பறக்கும்.

அடுத்து, மேடைக்குக் கீழே கதவு. இதற்குத்தான் பணம் போகும், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம். எல்லாத் தட்டுக்கும் கதவு போட வேண்டும் என்பது மாடுலர் விளம்பரம் நமக்குக் கற்றுக்கொடுத்தது. கழுவிய பாத்திரத்தை முழுக்கக் காயாமல்தான் நாம் எடுத்து வைக்கிறோம். அதை மூடிய அறைக்குள் வைத்தால் ஈரமும் இருட்டும் சேர்ந்து கரப்பானுக்கு விருந்து. பாத்திரத் தட்டுகளைத் திறந்தே விடுங்கள். எவர்சில்வரும் பித்தளையும் வரிசையாக அடுக்கியிருந்தால் அதுவே அழகு. மளிகை, குப்பைக்கூடை, துடைப்பம், சிங்க் அடிப்பக்கம் என்று நாலு கதவு போதும்.

கல்லில் கீலை நேராகத் திருக முடியாது என்பதுதான் இங்கே சிக்கல். கடப்பாப் பலகை ஒரு இன்ச்தான் இருக்கும், ஓரத்தில் துளை போட்டால் பெயரும். ஆகவே ஒவ்வொரு அறைக்கும் உள்பக்கமாக ஒரு சட்டம் வேண்டும். அலுமினியம் அல்லது பிவிசி சட்டத்தை அளவுக்கு வெட்டித் தரச் சொல்லி, நியூட்ரல் சிலிக்கோனாலும், தரையில் சிமெண்ட் உள்ள இடத்தில் ஸ்க்ரூவாலும் நிறுத்தலாம். கதவுக்கு முழு பிவிசி பலகை போதும், தண்ணீரில் ஊதாது. எம்டிஎஃப்பும் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) துகள் பலகையும் பார்க்க நன்றாக இருக்கும், சிங்க் பக்கம் வைத்தால் ஒரே மழைக்காலத்தில் அப்பளமாகிவிடும். மரம்தான் வேண்டும் என்றால் ஐஎஸ் 710 முத்திரையுள்ள மெரைன் பிளை, வெட்டிய ஓரங்களில் பெயிண்ட் அடித்தது. அளவு எடுக்கும்போது ஒவ்வொரு அறையையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, மிகச் சின்ன அளவிலிருந்து இன்னொரு மூன்று மில்லிமீட்டர் கழியுங்கள். பழைய கல் வேலையில் எந்த அறையும் நேராக இருக்காது.

கைப்பிடி வாங்கும்போது துளைக்குத் துளை 96 அல்லது 128 மில்லிமீட்டர் என்று பார்த்து வாங்கினால், பின்னால் மாற்றும்போது புதுத் துளை போட வேண்டியதில்லை. இழுப்புக் கூடை, வலைக்கூடை வாங்கினால் 304 ரக எவர்சில்வரா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டுவார். மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனையால் ஒன்றும் தெரியாது.

கேஸ் சிலிண்டர் இருக்கும் அறைக்கு மட்டும் கதவு வேண்டாம் என்பேன். சமையல் கேஸ் காற்றை விடக் கனம். கசிந்தால் தரையோடு தேங்கும், மூடிய அறையில் வாடை வெளியே வருவதற்குள் நிறைய சேர்ந்திருக்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் கதவின் கீழ்ப்பாதி முழுக்க இடைவெளி விட்ட சட்டமாக இருக்கட்டும். ரெகுலேட்டரை ஒரே எட்டில் மூட முடிய வேண்டும். ஆரஞ்சு நிறச் சுரக்‌ஷா குழாயில் அச்சடித்திருக்கும் தேதியையும் பாருங்கள். அதன் ஆயுள் ஐந்து வருடம், நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, சுவரைத் துளைத்துக் கொண்டுபோகக் கூடாது. கசிவு என்று சந்தேகம் வந்தால் 1906க்குப் பேசலாம். எந்த எண்ணத்திலும் கேஸ் குழாயை நீங்களே நீட்டவோ ஒட்டுப் போடவோ வேண்டாம்.

மேடைமேல் சாமானுக்குப் பெரிய யுக்தி ஒன்றும் இல்லை. தினமும் கை படாதது மேடையில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கரண்டிக்கும் தாளிப்புக் கரண்டிக்கும் சுவரில் ஒரு எவர்சில்வர் கம்பியும் கொக்கிகளும். டைல்ஸில் துளை போடும்போது இடத்தில் டேப் ஒட்டி, டிரில்லிங் மெஷினின் சுத்தியல் பட்டனை அணைத்துவிட்டு மெதுவாகத் துளைத்து, டைல் தாண்டிய பிறகு பட்டனைப் போடுங்கள். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்காதீர்கள், ஒயர் அந்த வழியாகத்தான் போகும். பழைய பிளாஸ்டிக் டப்பாக்களில் மஞ்சள் கறை பிடித்திருந்தால் தூக்கி எறிய வேண்டாம். கழுவி வெயிலில் வைத்தால் மஞ்சள் தானாக வெளுத்துவிடும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லை என்றால் ஒன்று வையுங்கள், இத்தனை வேலை செய்தும் மறுபடி பிசுக்கு ஏறாமல் இருக்க அதுதான் வழி. ஜன்னலின் மேல் கண்ணாடியை எடுத்துவிட்டு ஒன்பது இன்ச் ஃபேன் மாட்டலாம். அது ஓடும்போது அதே ஜன்னலின் மற்றக் கதவுகளை மூடி, எதிரே இருக்கும் கதவைத் திறந்து வைக்க வேண்டும். இல்லையென்றால் ஜன்னல் வழியாக வந்த காற்றையே திரும்ப வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், அடுப்புப் புகை அசையாது.

வரிசை முக்கியம், எப்போதும் மேலிருந்து கீழே. முதலில் பிசுக்கு, அப்புறம் துளை போடுகிற வேலையும் லைன் இழுப்பதும், பிறகு பட்டி, பெயிண்ட், அதன் பின் டைல்ஸ் இடுக்கு, மேடை, கதவு. சிலிக்கோன் எல்லாவற்றுக்கும் கடைசி. பெயிண்ட்டும் கிரவுட்டும் நடக்கும் நாட்களில் இண்டக்‌ஷன் அடுப்பைக் கூடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

செலவு, எனக்குத் தெரிந்த விலைக்கு, முன்பின்னாக: சுத்தம் செய்யும் பொருள், உப்புத்தாள் 700. கிரவுட், சிலிக்கோன், ரப்பர் தகடு 1,500. குழாய், பாட்டில் டிராப் 2,000. விளக்கும் எலக்ட்ரீஷியன் கூலியும் 2,500. பட்டி, பிரைமர், பெயிண்ட் 4,000. நாலு கதவு சட்டத்தோடு 7,000. கம்பி, கொக்கி, கூடை 1,500. எக்ஸாஸ்ட் ஃபேன் 2,000. ஆக 21,200. டிரில்லிங் மெஷினை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். மீதி 3,800ஐ ஆரம்பத்திலேயே எதற்கும் ஒதுக்கிவிடாதீர்கள். டிஸ்டம்பரைச் சுரண்டும்போது பாத்ரூம் பக்கத்துச் சுவரில் ஈரம் தெரிந்தாலோ, ஜிஐ பைப் முறிந்தாலோ அந்தப் பணம் பிளம்பருக்குப் போகும். சுவரில் ஈரம் இருந்தால் அது நின்று முழுக்கக் காயும்வரை அந்தப் பக்கம் பட்டியும் பூச வேண்டாம், மற்ற மூன்று சுவரை முடித்துக்கொண்டிருங்கள்.